குள்ளமான மகள், தள்ளிப்போகும் பருவம்: டர்னர் சின்ட்ரோம் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

வகுப்பிலேயே குட்டையாக இருக்கும் பெண் குழந்தையைப் பார்த்து, "பாட்டி ஜாடை, அவ அவ்வளவுதான் வளருவா" என்று சொல்லிவிடுகிறோம். பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றால், "சில பொண்ணுங்களுக்கு லேட்டாகும்" என்று காத்திருக்கிறோம். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் சிகிச்சைக்குரிய வயது கடந்துவிடுகிறது. இந்த இரண்டு அறிகுறிகளுக்கும் பின்னால் டர்னர் சின்ட்ரோம் இருக்கக்கூடும். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது.

ஓர் எக்ஸ் குறைந்தால் என்ன ஆகும்?

பெண்ணின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். டர்னர் பாதிப்புள்ள பெண்ணுக்கு ஓர் எக்ஸ் முழுவதுமாகவோ, அதில் ஒரு பகுதியோ இருக்காது. சிலருக்கு உடலின் எல்லா செல்களிலும், சிலருக்கு ஒரு பகுதி செல்களில் மட்டும் இந்தக் குறை இருக்கும்.

கரு வளரத் தொடங்கிய நாட்களிலேயே பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் எக்ஸ்களில் ஒன்றை அடக்கிவைத்துவிடுகிறது. 1961இல் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன் இதை எடுத்துச் சொன்னார். எப்படியும் அடங்கிக் கிடக்கப்போகிற எக்ஸ் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

அந்த எக்ஸ் முழுவதுமாக அடங்குவதில்லை என்பதுதான் விடை. அதன் மரபணுக்களில் சுமார் 15 சதவீதம் அடக்கத்துக்குத் தப்பித் தொடர்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று, எலும்பின் நீளவளர்ச்சிக்குத் தேவையான ஷாக்ஸ். இது எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் இருப்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. டர்னர் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றே. அதனால்தான் சிகிச்சை பெறாதவர்களின் உயரம் மற்ற பெண்களைவிடச் சராசரியாக 20 சென்டிமீட்டர் குறைகிறது.

யார்மீதும் பழி இல்லை

விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது, அல்லது கருவின் செல்கள் பிரியத் தொடங்கும்போது, தற்செயலாக நிகழும் பிழை இது. தாயின் வயது, கர்ப்பகால உணவு, கிரகணம், சொந்தத்தில் கல்யாணம் எதுவும் இதற்குக் காரணமல்ல. மருமகளைக் குறைசொல்ல இதில் இடமே இல்லை.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

பிறந்த குழந்தையின் கை, பாதங்களில் வீக்கம், கழுத்தின் இருபுறமும் தோல் மடிப்பு, பின்கழுத்தில் தாழ்வாக இறங்கிய முடி, அடிக்கடி காதில் சீழ், வயதுக்கேற்ற உயரமின்மை, 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். சிலருக்குக் குட்டை உருவம் மட்டுமே வெளியே தெரியும். ரத்தத்தில் செய்யும் கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை இதை உறுதிப்படுத்தும்.

உயரத்தைவிடப் பெரிய ஆபத்து

உயிருக்கு ஆபத்து இதயத்திலிருந்து வருகிறது. மகாதமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டே இருப்பது, மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது ஆகியவை இவர்களிடம் அதிகம். வளர்ந்த பிறகு மகாதமனி விரிந்து கிழியும் அபாயமும் உண்டு. ஆகவே நோய் உறுதியானதும் எக்கோ எடுக்க வேண்டும்; மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வாழ்நாள் முழுவதும் இதயப் பரிசோதனை தொடர வேண்டும். திடீரென நெஞ்சிலோ முதுகிலோ கடுமையான வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, காது, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை

எலும்பு முனைகள் மூடிக்கொண்டபின் உயரம் கூடாது. அதனால் வளர்ச்சி ஹார்மோன் ஊசியை 4 முதல் 6 வயதிலேயே தொடங்குவது நல்லது. 11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜனைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பருவமடைய மட்டுமல்ல, எலும்பு உறுதிக்கும் அது தேவை. நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே இவற்றை எடுக்க வேண்டும். விளம்பரங்களில் வரும் உயரம் கூட்டும் பொடியும் மாத்திரையும் காசையும் காலத்தையும் கரைக்கும்.

பெரும்பாலோருக்கு இயல்பான அறிவுத்திறன் உண்டு. கணக்கில் மட்டும் சிலருக்குச் சிரமம் இருக்கலாம். இயற்கையாகக் கருத்தரிப்பவர்கள் மிகச் சிலரே. தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் தாய்மை அடைய முடியும். ஆனால் கர்ப்பத்தில் மகாதமனி கிழியும் அபாயம் கூடுவதால், இதயத்தை முழுமையாகப் பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் உரிமைகள்

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயதுவரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் உடல்நலப் பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு வரும்போது மகளின் உயரம் பற்றிய சந்தேகத்தைக் கேளுங்கள். மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில், மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்தபின் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்குக் கீழோ இருப்பதும் ஒன்று. கணக்குச் சிரமத்தை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் அதில் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என மருத்துவக் குழு சான்றளித்தால் கல்வி, வேலை இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

மரபணு நோய்களுக்குக் காப்பீடு கிடையாது என்ற விதியை மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் சேர்க்கக் கூடாதென 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மரபணு நோய் என்று காரணம் காட்டிப் பணம் தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவிடமும், அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

மகளின் உயரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். வளர்ச்சி பின்தங்கினால், "டர்னர் இருக்குமா, கேரியோடைப் பார்க்கலாமா?" என்று குழந்தை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பதினைந்து வயதுவரை காத்திருக்காதீர்கள்.