குன்று ஈட்டிய நற்பெயர்

இத்தாலியின் வெரோனா நகருக்குக் கிழக்கே, கோட்டை மதில் சூழ்ந்த சிற்றூர் சோவாவே. அங்கு விளையும் வெள்ளை ஒயினுக்கும் அதுவே பெயர்.

அதன் முதன்மைத் திராட்சையான கர்கானேகா தாமதமாகப் பழுப்பது. பந்தலில் படரவிடுவது அவ்வூர் மரபு. ஊரை அடுத்த குன்றுகளில் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை நிலமும் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலமும் உண்டு. சரிவில் மழைநீர் தேங்குவதில்லை. கொடி ஆழத்தில் வேரூன்றுகிறது. காய்ப்புக் குறைந்து சாறு செறிகிறது. இரவுக் குளிர்ச்சி புளிப்பைக் காக்கிறது. சமவெளியின் வளமண்ணிலோ விளைச்சல் பெருகிச் சுவை நீர்த்துவிடுகிறது.

1931இல் இக்குன்றுப் பகுதியே சோவாவேயின் எல்லையாக வரையறுக்கப்பட்டது. 1968இல் புதிய பெயருரிமை விதிகள் வந்தபோது சமவெளி நிலங்களும் அப்பெயருக்குள் சேர்ந்தன; பழைய பகுதிக்குக் ‘கிளாசிகோ’ என்னும் அடைமொழி எஞ்சியது. உற்பத்தி பெருகியது, மலிவுச் சரக்கு என்ற பேச்சும் எழுந்தது. சரிவில் பாடுபட்ட உழவரும் அவ்விலையோடு போட்டியிட நேர்ந்தது.

பியெரோபான் குடும்பத்தார் 1971 அறுவடையிலிருந்து ‘கல்வரினோ’ என்னும் தங்கள் குன்றுத் தோட்டத்தின் பெயரைப் புட்டியில் பொறித்தனர். 2019இல் இத்தகைய 33 விளைநிலப் பெயர்கள் சட்ட ஏற்புப் பெற்றன.

ஐந்தொகையில் நற்பெயரும் ஒரு சொத்து என்று வணிகவியலில் படித்தோம். அதை ஈட்டியது குன்று; கரைத்தது அளவற்ற விரிவு. விளைந்த இடத்தை வெளிப்படையாகச் சொன்னதே மீட்சிக்கு வழிகோலியது. தொழிலை விரிவாக்க எண்ணும் நம் வாடிக்கையாளர்கள் இதனை நினைவிற்கொள்வது நன்று.