கணினி ஏன் விழிக்கவில்லை?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர் ஒருநாள் மாலை என் இல்லத்திற்கு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. அவர் வீட்டு மேசைக் கணினி சில நாட்களாக வேலைக்கு நடுவே தானாகவே அணைந்துகொண்டிருந்ததாம். மின்சாரம் வழங்கும் பெட்டியே பழுது என்று அறிந்து, புதியதொன்றை வாங்கித் தம் கையாலேயே பொருத்தியிருக்கிறார். விசையை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன, திரையோ இருண்டே கிடந்தது. பழுது பார்க்கும் ஒருவரைக் கேட்டபோது, "தாய்ப்பலகை போய்விட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்று அவர் தீர்ப்புக் கூறிவிட்டார். தேர்வுக்குரிய ஆய்வேடு முழுவதும் அந்தக் கணினிக்குள் இருக்கிறது. அதைச் சமர்ப்பிக்க நான்கே நாட்கள்தாம் உள்ளன. தந்தையிடம் மறுபடியும் பணம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. "என் கையாலேயே கெடுத்துவிட்டேனே, ஐயா!" என்று வருந்தினார்.

"தம்பி, நேற்று வரை அந்தப் பலகை வேலை செய்ததா?" என்று கேட்டேன்.

"செய்தது, ஐயா. இடையிடையே அணைந்துபோகும், ஆனால் மறுபடி ஓடும்."

"அப்படியானால், அது போய்விட்டது என்று முடிவு கட்டுமுன், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் உன் கை எங்கெங்கே பட்டது என்று பார்ப்போம், வா" என்றேன்.

மின்வழங்கியை மாற்றிய பிறகு விழிக்க மறுக்கும் கணினியை ஆராய்வதற்கு இந்த ஒரு கேள்வியே வழிகாட்டி. அதன்வழியே நாமும் இன்று சற்றுச் செல்வோம்.

மின்வழங்கி என்று நான் சொல்வதைக் கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினியின் உறுப்புகளுக்கு வேண்டியவையோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரங்கள். முன்னதைப் பின்னவையாக மாற்றித் தருவதே இந்தப் பெட்டியின் தொழில். ஆயினும் இது கேட்டவுடன் மின்சாரத்தைக் கொட்டிவிடும் பெட்டி அன்று. பலகைக்கும் இதற்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. அதை அறிந்துகொண்டால் பாதி நோய் விளங்கிவிடும்.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் விசை, மின்வழங்கியிலேயே அமைந்திருந்தது. வீட்டில் விளக்குப் போடுவது போல அதைத் தள்ளினால் போதும். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்புமுறையை வகுத்தது. அதன்பின் நிலைமை மாறிற்று. இப்போது சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், ஊதா நிறக் கம்பி வழியே 5 வோல்ட் காவல் மின்சாரம் பலகைக்குச் சென்றுகொண்டே இருக்கிறது. நாம் பெட்டியின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால், பலகை ஒரு பச்சைக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்த்து, 'தொடங்கு' என்று மின்வழங்கிக்குச் சொல்கிறது. மின்வழங்கி எழுந்து, தன் அளவுகள் சரியாக நிலைபெற்றதும், சாம்பல் நிறக் கம்பி வழியே 'எல்லாம் நலம்' என்று விடை கூறுகிறது. இவ்விடை வர அரை நொடிக்கு மேல் ஆவதில்லை. அதைப் பெற்ற பிறகே செயலி தன் வேலையைத் தொடங்கும். இந்தப் பேச்சில் ஒரு சொல் தவறினாலும் கணினி விழிக்காது.

இவ்வுரையாடல் நடப்பது பலகையில் செருகப்படும் பெரிய செருகியின் வழியே. முதலில் 20 துளைகளோடு இருந்த இச்செருகி பிற்காலத்தில் 24 துளைகளாக வளர்ந்தது. செயலியின் மின்தேவை பெருகியபோது, 2000ஆம் ஆண்டளவில், அதற்கென்றே 12 வோல்ட் தரும் தனிச் செருகி ஒன்றும் சேர்ந்தது. தொடக்கத்தில் அதற்கு 4 துளைகள். இன்று பெரும்பாலும் 8. பெரிய செருகியை எவரும் மறப்பதில்லை. சிறியதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கை வைப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டே பெட்டிக்குள் கையை நுழைக்க வேண்டும். பிடுங்கியபின் முகப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பலகையில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பலகையைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு: மின்வழங்கியின் மூடியை ஒருநாளும் திறவாதீர்கள். அதனுள் இருக்கும் மின்தேக்கிகள், கம்பியைப் பிடுங்கிய பின்னரும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது உயிரைக் குடிக்கும்.

நல்ல மருத்துவர் மருந்தை எடுக்குமுன் குறியை நோக்குவார். விழிக்காத கணினியிடம் காணும் குறிகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை, முழு அமைதி. சுவர்த் துளையில் மின்சாரம் வருகிறதா என்று ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். மின்வழங்கியின் பின்புறமுள்ள விசையில் ஒரு கோடும் ஒரு வட்டமும் பொறித்திருக்கும். கோட்டின் பக்கம் அழுந்தியிருந்தால்தான் அது திறந்திருக்கிறது. சில பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிறு தள்ளுவிசையும் இருக்கும். நம் நாட்டில் அது 230இல் நிற்க வேண்டும். 115இல் இருக்க மின்சாரம் கொடுத்தால் பெட்டி எரிந்துபோகும். ஆகையால் செருகுமுன்பே இதைப் பார்த்துவிடுக. பின்பு பெரிய செருகியை நோக்குங்கள். அது பொருந்தியது போலத் தோன்றும். ஆனால் கொக்கி விளிம்பில் மாட்டி 'டிக்' என்று ஒலித்தாலன்றி முழுதும் இறங்கியதாகாது.

அவையெல்லாம் சரியாயின், முகப்புப் பொத்தானிலிருந்து பலகைக்கு வரும் மெல்லிய இரட்டைக் கம்பியைப் பாருங்கள். மின்வழங்கியை இழுத்து மாற்றும்போது கை பட்டு அது கழன்றிருக்கலாம். அது மாட்டியிருந்த இரு ஊசிகளையும், கணினிக்கு மின்சாரம் கொடுத்தபின், திருப்புளியின் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் பொத்தானை அழுத்தியதற்கு ஒப்பாகும். எந்த ஊசிகள் என்பதைப் பலகையின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது கணினி விழித்தால், குற்றவாளி பொத்தானோ கம்பியோதான்.

மின்வழங்கியைத் தனியே சோதிக்கவும் வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, எல்லாச் செருகிகளையும் கழற்றிவிட்டு, பெரிய செருகியில் பச்சைக் கம்பியின் துளையையும் அதன் அருகிலுள்ள கறுப்புக் கம்பியின் துளையையும் வளைத்த காகிதக் கவ்வி ஒன்றால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுத்தால் அது தானே ஓட வேண்டும். குறைந்த வேலையில் விசிறியைச் சுழற்றாத மின்வழங்கிகளும் இக்காலத்தில் உண்டு. ஆகவே மல்டிமீட்டரால் அளப்பதே உறுதி. மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் காணலாம். கம்பிகள் யாவும் கறுப்பாக இருந்தால் ஊகத்தால் துளையைத் தேர்ந்தெடுக்காமல் கையேட்டைப் பாருங்கள்.

இரண்டாவது குறி, பொத்தானை அழுத்தியதும் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுதல். மின்சாரம் எங்கோ குறுக்குவழியில் பாய்கிறது; மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடுகிறது என்பது இதன் பொருள். கழன்று விழுந்த ஒரு சிறு திருகாணி பலகையின் அடியில் கிடந்தாலும் போதும், இது நேரும். அதைத் தேடிப் பாருங்கள். காணாவிட்டால், வட்டுகள், வரைகலை அட்டை முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது துடிப்பு நீங்குகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது குறி, விசிறிகள் சுழன்றும் திரையில் படம் வராமை. நம் இளைஞரின் கணினி காட்டியது இதைத்தான். நானும் அவரும் அவர் வீட்டுக்குச் சென்று பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினோம். பெரிய செருகி நன்றாகப் பொருந்தியிருந்தது. செயலிக்கு அருகே, பலகையின் மேல் மூலையில், 8 துளைகள் கொண்ட மேடை ஒன்று வெறுமையாக இருந்தது. அதற்குரிய செருகி எங்கே என்று தேடினோம். புதிய மின்வழங்கியோடு வந்த கம்பிக்கட்டில், கட்டிய கட்டும் அவிழாமல், அது பெட்டியின் பின்புறத்தில் ஒளிந்து கிடந்தது! விசிறிகளுக்கு மின்சாரம் பெரிய செருகி வழியே கிடைத்துவிட்டது. செயலிக்கோ ஒரு துளியும் கிடைக்கவில்லை. செருகியை மாட்டினோம், பொத்தானை அழுத்தினோம். சிறிது நேரத்தில் திரை ஒளிர்ந்தது. ஆய்வேடும் பத்திரமாக இருந்தது. முதல் வேலையாக அதற்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொன்னேன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வரைகலை அட்டைக்குரிய 8 துளைச் செருகியும் செயலியின் செருகியைப் போலவே தோன்றும். முன்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பின்னது நான்கும் நான்குமாகப் பிரியும். ஒன்றில் 12 வோல்ட் நிற்கும் வரிசையில் மற்றதில் தரையிணைப்பு நிற்கிறது. தவறாகச் செருகாதிருக்கவே துளைகளுக்கு வெவ்வேறு வடிவம் தந்திருக்கிறார்கள். எளிதில் இறங்காத செருகியை வலிந்து அழுத்தாதீர்கள்.

செயலியின் செருகி சரியாக இருந்தும் படம் வராவிட்டால், வரைகலை அட்டைக்குத் தனிச் செருகி வேண்டுமா என்று பாருங்கள். அது அமர்ந்திருக்கும் பள்ளத்தின் வழியே 75 வாட் வரையே பெறலாம். அதற்கு மேற்பட்ட பசியுள்ள அட்டைக்குத் தனிக் கம்பி இன்றியமையாதது. திரையின் கம்பி அட்டையில் மாட்டப்பட்டிருக்கிறதா, தவறிப் பலகையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நினைவக அட்டையைக் கழற்றி, கொக்கி பூட்டும்வரை மீண்டும் அழுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு நினைவக அட்டை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடுங்கள். செயலியிலோ பலகையிலோ படம் காட்டும் வசதி இல்லையாயின் வரைகலை அட்டையும் இருக்கட்டும். இச்சிறு குடும்பம் விழித்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்து, எது நோய் என்று விளங்காது. பழைய மின்வழங்கியில் சிறிது உயிர் இருப்பின் அதையே மறுபடி மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதில் கணினி எழுந்துவிட்டால் பலகை குற்றமற்றது. புதிய பெட்டியே குறையுடையதாக இருக்கலாம். உத்தரவாதக் காலத்திற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இளைஞருக்கு நான் அறிவுரை கூறினேனே தவிர, நான் தவறே செய்யாதவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினிக்கு, கம்பிகளைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மின்வழங்கி ஒன்றை வாங்கினேன். பழைய பெட்டியின் கம்பிகள் நன்றாகத்தானே இருக்கின்றன, புதியவற்றை ஏன் இழுக்க வேண்டும் என்று சோம்பலால் அவற்றையே புதிய பெட்டியில் செருகினேன். அழகாகப் பொருந்தின. விசையைத் தட்டியதும் தீய்ந்த மணம் வந்தது. வட்டு இரண்டும் பாழாயின. அவற்றுள் ஒன்றில் பல ஆண்டுகளாக நான் எழுதிச் சேர்த்த குறிப்புகள் இருந்தன. அவை திரும்பவே இல்லை. காரணம் இதுதான்: கம்பியின் வட்டுப் பக்கத்து முனைக்குப் பொதுவான விதி உண்டு, பெட்டிப் பக்கத்து முனைக்கு அத்தகைய விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்றுவிட்டது. பெட்டியை மாற்றினால் கம்பிகளையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மாணவ நண்பர்களே! ஓடிக்கொண்டிருந்த கருவி, நாம் தொட்டபின் நின்றுவிட்டால், அச்சம் ஒருபுறம் இழுக்கும். பிறர் கூறும் தீர்ப்பு மறுபுறம் இழுக்கும். இரண்டுக்கும் செவி கொடாமல், ஒரு தாளை எடுத்து, கழற்றியவை எவை, மாட்டியவை எவை என்று வரிசையாக எழுதுங்கள். எழுதியதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, விரலால் அழுத்திச் சரிபாருங்கள். கால் மணி நேர வேலைதான். புதிய பலகை வாங்குவதா என்பதை அதற்குப் பிறகு எண்ணலாம். அந்த இளைஞருக்கு அதை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை.