கே. பி. சுந்தராம்பாளும் வேட மரபும்

பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலிலுள்ள பல்லவர் கால ஓவியத்தில், இறைவனின் ஆடலை உமையம்மை ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்று காண்கின்றாள். பெண் காண்பவள்; ஆடுபவள் அல்லள். அம்மலையை அடுத்த செஞ்சி வட்டாரத் தெருக்கூத்திலும் பெண் வேடத்தை நெடுங்காலம் ஆடவரே புனைந்து வந்தனர். ஆண் வேடம் புனைந்து புகழ்கொண்ட பெண்டிருள் கொடுமுடி சுந்தராம்பாள் (1908–1980) குறிக்கத்தக்கவர்.

இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்த அவர், இலங்கை மேடைகளில் பெரும்பெயர் பெற்றார். ஆங்குத் தம்மோடு நடித்த செங்கோட்டை கிட்டப்பாவை 1927இல் மணந்தார். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பாடுதல் வேண்டும். இருவர்தம் உச்சக்குரலும் அத்தேவையிற் பயின்றதே.

1933இல் கிட்டப்பா மறைந்தார். அப்போது அம்மையாருக்கு வயது 25. வெண்ணிற ஆடை பூண்டு, இனி எந்நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். இதனை வெறும் துயரின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்தம் கலைநெறியையே வகுத்தது அவ்வுறுதி. 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். வேதியராக நடித்தவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். காதற் பாத்திரங்களைத் துறந்த அவருக்குப் பின்னர் வாய்த்தவை மணிமேகலை, ஔவையார், ‘பூம்புகார்’ படத்துக் கவுந்தியடிகள் ஆகியன.