காரின் வடிவத்தை வரைவது யார்?

பழைய கார்களுக்கு ஒரு முகம் இருந்தது, இன்றைய கார்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன என்று கார் பிரியர்கள் வருந்துவதுண்டு. நானும் கார் பிரியன்தான். எனினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த வருத்தத்தை அப்படியே ஏற்க இயலவில்லை. வடிவமைப்பாளரின் பென்சிலை அரசின் கொள்கையும் வரி விகிதமும் சேர்ந்தே பிடித்திருக்கின்றன.

அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950-களின் இறுதியில் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட அந்த கார், 2014 வரை ஏறத்தாழ அதே உருவில் வெளிவந்தது. காலத்தை வென்ற அழகு என்று அதைப் புகழ்கிறோம். உண்மையில் வென்றது உரிமமுறை. 1953-இல் கட்டண ஆணையம் அளித்த பரிந்துரைகளை அடுத்து, உதிரி பாகங்களை இறக்குமதி செய்து பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சந்தையில், விற்பவர் வடிவத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஃபியட் 1100-இன் வழிவந்த பத்மினியின் கதையும் இதுவே.

அக்காலக் கார்களில் என் தேர்வு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அதன் தூண்கள் மெல்லியவை, கண்ணாடிகள் அகன்றவை. ஓட்டுநருக்கு நாற்புறமும் தெரியும். குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியது. நெருக்கமான தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை.

1983-இல் மாருதி 800 வந்தது. 1993-இல் பயணிகள் கார் தயாரிப்புக்கான உரிமமுறை நீங்கியது. போட்டி பிறந்ததும் வடிவங்களும் பெருகின. ஆனால், 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை வேறொரு கத்தரிக்கோலை நீட்டியது. 4 மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. டாடா இண்டிகோவின் டிக்கி வெட்டப்பட்டது; 2012-இல் ஸ்விஃப்ட் டிசையரும் குட்டையானது. கூம்பாத பின்புறத்துடன் திடீரென முடிந்துபோகும் அந்தக் கார்களின் தோற்றத்துக்குக் கலை ரசனை காரணமன்று. வரிச் சலுகையே காரணம்.

அந்த அளவுகோல் இன்றும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் இன்று வெளிவந்தால் ஆடம்பரப் பொருளாகிவிடும்!

நீளத்துக்கு வேலியிட்ட சட்டம் உயரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே கார்கள் மேல்நோக்கி வளர்கின்றன. பானெட் உயர்கிறது; தூண்கள் பருக்கின்றன; பின்கண்ணாடி சிறுக்கிறது. பருத்த தூண்களுக்கு நியாயம் உண்டு: கார் உருண்டால் உள்ளிருப்போரைக் காப்பவை அவையே. ஆயின், வெளியில் இருப்போரின் நிலை என்ன? தாழ்ந்த பானெட் மோதினால் காலில் அடிபடும். உயர்ந்த பானெட் மார்பிலும் தலையிலும் தாக்கும். அதன் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே படாது. சைக்கிளும் நடையும் காரும் ஒரே தெருவைப் பகிரும் காரைக்கால் போன்ற ஊரில், மாங்கனித் திருவிழாக் கூட்டத்தினிடையே இத்தகைய வாகனம் ஊர்ந்து செல்வதைப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் ரசனை விவகாரமாகத் தோன்றாது.

பிறநாடுகள் விழித்துக்கொண்டுள்ளன. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்ஸ், 1,800 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2022 முதல் எடை வரி விதிக்கிறது. 2024-இல் அந்த வரம்பு 1,600 கிலோவாகக் குறைக்கப்பட்டது. தொடுதிரைக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும் போக்கையும் ஐரோப்பியப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப் கேள்விக்குள்ளாக்கியுள்ளது. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் 2026 முதல் உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும்.

ஒரு வரி விதியால் காரின் டிக்கியை வெட்ட முடிந்ததென்றால், பானெட்டைத் தாழ்த்தவும் முடியும். சிறிய காரின் இலக்கணத்தில் நீளத்தோடு எடையையும் முன்முக உயரத்தையும் சேர்க்க வேண்டும். 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்களில், ஓட்டுநரின் பார்வைப் பரப்புக்கும் பாதசாரியின் பாதுகாப்புக்கும் கணிசமான இடம் வேண்டும். பிறகு வடிவமைப்பாளர்கள் தாமாகவே அழகான, அடக்கமான கார்களை வரைவார்கள். ஹெரால்டைப் போன்ற ஒன்றை நம் தெருக்கள் மீண்டும் காணக்கூடும்.