ஈறு நோய் மீள்வதேன்?

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. நாம் ஈறு என்பதைத் தெலுங்கர் சிகுரு என்பர். தளிருக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான். தளிரைப் போன்றே ஈறும் நாள்தோறும் பேணத்தக்கது.

இதனை மறப்பதால் விளையும் ஏமாற்றம் ஒன்றுண்டு. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. மருத்துவர் பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி நீக்குகிறார். வீக்கம் வடிகிறது, நோய் தீர்ந்ததென மகிழ்கிறோம். சில திங்களில் வீக்கம் திரும்பவே, செய்த மருத்துவம் பயனற்றதோ என ஐயுறுகிறோம்.

அந்த ஐயம் பொருந்தாது. பல்லில் ஒட்டும் மெல்லிய கிருமிப் படலமே இந்நோய்க்கு மூலம். துலக்கிய சில மணி நேரத்தில் அது மீண்டும் படியத் தொடங்கும். நீக்காவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து சேர்ந்து காரையாக இறுகும். மருத்துவர் அகற்றுவது ஏற்கெனவே படிந்ததை மட்டுமே.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹெரால்டு லோ என்பாரும் துணைவரும் செய்து 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கவே, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கிற்று.

ஆயினும் அழற்சி ஆழச்சென்று, பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிட்டால், இழந்த எலும்பு தானாக வளர்வதில்லை. நோய் மீளுந்தோறும் பல்லின் பிடி தளர்ந்து, முடிவில் பல்லையே இழக்க நேரும்.

இரத்தம் கசிகிறதென்று துலக்குவதை நிறுத்தலாகாது. கசிவு அழற்சியின் அறிகுறியே. மென்மையான தூரிகையால் காலையும் இரவும் ஈற்றோரத்தைத் துலக்க வேண்டும். பல்லிடுக்குகளையும் தூய்மை செய்ய வேண்டும். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும். புகைபிடிப்போர்க்கு இரத்தக் கசிவு குறைவாதலின் நோய் மறைந்தே வளரும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிடினும் அது எளிதில் திரும்பும்.

எலும்பு அரிக்கப்பெற்றவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு திங்களுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளல் வேண்டும். திருப்பதிக்கோ வேலூருக்கோ மருத்துவம் நாடிச் செல்லும் சித்தூர் அன்பர்கள், வீக்கம் வடிந்த மகிழ்ச்சியில் உடனே ஊர் திரும்பிவிடாமல், மறுமுறை வரவேண்டிய நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக.