முதலில் காரணம், அப்புறம் ஸ்பேனர்

பழைய கார் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள். புது பேட்டரி வரும். கொஞ்ச நாள் ஓடும். மறுபடியும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள், அதற்கடுத்து டைனமோவை. ஆயிரக்கணக்கில் செலவான பிறகுதான், பேட்டரியிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் வயரின் முனையில் பச்சை பூத்துக் கிடந்தது கண்ணில் படும். அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கியிருந்தால் காலணா செலவில்லை.

இந்த வீண்செலவு எனக்கு மெய்யாகவே மனவருத்தம் தருகிறது. பழைய கார் வாங்குகிறவர் காசை எண்ணி எண்ணி வாங்குகிறவர். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், மழையில் பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்குப் போகவும்தான் வாங்குகிறார். அவருடைய பணம் தேவையில்லாத பாகங்களில் கரையக் கூடாது.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் பேட்டரி, பிளக், ரேடியேட்டர், ஃபியூஸ் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்ஷன் முறை வந்த பிறகும் இந்த எளிமை பெரிதாகக் குறையவில்லை. வீட்டு வாசலில் வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி நம் ஊரில் இல்லை.

அந்த எர்த் வயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாதிப் பழைய கார்களின் ஸ்டார்ட்டிங் தகராறு அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. தேவை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று. டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியை முதலில் பாருங்கள். 12.6 காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில், வீட்டில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மேல் சந்தேகப்படலாம்.

விழவில்லை, ஆனாலும் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதா? இப்போதுதான் முக்கியமான சோதனை. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் வையுங்கள். அதன்மேல் மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல, குமிழிலேயே. சிவப்பு முனையை என்ஜினில் துருவோ பெயின்ட்டோ இல்லாத இடத்தில் அழுத்துங்கள். மறுபடி செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால், மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் அந்த வயரிலும் அதன் இணைப்புகளிலும் சூடாகி வீணாகிறது. சந்தேகமே வேண்டாம். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து டெர்மினலைக் கழுவி, பளபளக்கும்வரை தேய்த்து, மாட்டி இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், கடைசியில் அதை மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

ஹீட் ஆகும் வண்டியிலும் கதை இதேதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊர் வழக்கம். அது வைத்தியமே இல்லை. கூலன்ட் எங்கே குறைகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் மோட்டார் நல்லது; கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துப்போன வண்டிகள் நம் பக்கம் ஏராளம். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் நுரை, சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை, கூலன்ட்டும் குறைகிறது: மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும் என்பதால் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

என்ஜின் 'மிஸ்' அடித்தால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் புதிய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால் பி0301 என்ற பிழைக் குறியீடு வரும்; முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பொருள். அதைப் பார்த்தவுடன் புது காயில் வாங்கிவிடுவார்கள். வேண்டாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், ஒன்றாவது காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் கெட்டது காயில். மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். ஸ்கேனர் இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

இன்னொன்று. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. பெட்ரோல் ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ ஈரமோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யச் சொல்லவில்லை. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் மூன்றையும் தெரிந்தவர் கையில் விடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்; ஜாக்கி சரிந்து உயிர் போயிருக்கிறது. மெக்கானிக்கிடம் போகும்போது 'வண்டி சரியில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? காலையில் மட்டும் வருகிறதா, சூடானபின் வருகிறதா, ஏசி போட்டால் வருகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். சரியான தகவல் கிடைத்தால் பாதி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கார் நன்றாக ஓடும்போதே மூன்று அளவுகளை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: நின்றிருக்கும்போது பேட்டரி வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது, என்ஜின் ஓடும்போது. கடைசியாகச் சொன்னது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் வண்டி மக்கர் செய்தால், எது மாறியிருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள்.