டீசலில் ஓடும் ராணுவ மோட்டார் சைக்கிள்

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அதை ஒட்டிய ஊர் போசரி. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பல மாநிலத்து மக்கள் அங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள்.

புனே வட்டாரம் எஞ்சினுக்குப் பெயர் போனது. நம் ஊர்க் கிணற்று மேட்டில் 'டப் டப்' என்று ஓடுமே, கிர்லோஸ்கர் டீசல் எஞ்சின்! அதைச் செய்யும் கம்பெனி 1946இல் புனேயில்தான் தொடங்கப்பட்டது. போசரியில் மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. இது 1967இல் தொடங்கப்பட்டது. வண்டிகளின் பாகங்களைச் சோதித்துப் பார்த்துச் சான்று தருவது அதன் வேலைகளில் ஒன்று.

பம்பு செட்டு டீசலில் ஓடுகிறது. பஸ்ஸும் லாரியும் டீசலில் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிள் மட்டும் ஏன் பெட்ரோல் கேட்கிறது? அது டீசலில் ஓடாதா?

ஓடும். நம் தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு வண்டியைச் செய்தார்கள். அமெரிக்க ராணுவத்திலும் அப்படி ஒரு வண்டி ஓடியது. நம் ஆட்கள் பணம் மிச்சமாகும் என்று ஓட்டினார்கள். ராணுவம் ஓட்டியதற்குக் காரணம் வேறு. அந்தக் கதையைப் பார்ப்போம்.

இரண்டு எஞ்சின்களும் எப்படி ஓடுகின்றன?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடித்து முடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினின் ரகசியம் இதுதான்.

டீசல் எஞ்சின் காற்றை இருபது பங்கில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறது. காற்று நெருப்பாய்க் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சின் அந்த அளவு அமுக்குவதில்லை. அங்கே நெருப்பு மூட்ட ஒரு பொறி வேண்டும். அந்தப் பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக்.

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல். ஜெர்மனியில் 1897இல் அவர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் வந்துவிட்டது.

இப்படி இறுக்கி அமுக்குவதால் டீசல் எஞ்சினுக்கு எண்ணெய்ச் செலவு குறைவு. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனமான இரும்பு வேண்டும். எஞ்சின் எடை கூடும். அதிர்வும் அதிகம்.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. நம் ராணுவத்துக்குப் போன புல்லட் வண்டிகளும் அங்கே செய்யப்பட்டன. அவை பெட்ரோல் வண்டிகள்.

1980களிலும் 1990களிலும் அதே கம்பெனி ஒரு டீசல் புல்லட்டை விற்றது. அதன் பெயர் டாரஸ். கிரீவ்ஸ் கம்பெனி செய்த சிறிய டீசல் எஞ்சின் அதில் இருந்தது. எஞ்சினின் அளவு 325 சி.சி.

அதன் சக்தி ஆறரைக் குதிரைத் திறன். பெட்ரோல் புல்லட்டின் சக்தி 18 குதிரைத் திறன். ஆகவே டாரஸ் வேகமாக ஓடாது. மணிக்கு 65 கிலோமீட்டர் போனாலே பெரிது. ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டர் ஓடும் என்று ஓட்டியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் டீசல் விலையும் பெட்ரோலைவிட மிகக் குறைவு. மூட்டை ஏற்றிப் போகும் வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் அது போதுமாக இருந்தது.

ராணுவத்துக்கு எதற்கு?

ராணுவத்தில் மோட்டார் சைக்கிளுக்கு முக்கியமான வேலை உண்டு. அது செய்தி கொண்டுபோகும். வழி பார்த்து வரும். லாரி போக முடியாத ஒற்றையடிப் பாதையிலும் போகும்.

ஒரு படை நூறு வண்டிகளோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். டாங்கி, லாரி, ஜீப் எல்லாம் டீசல் வண்டிகள். பத்து மோட்டார் சைக்கிள்கள் மட்டும் பெட்ரோல் வண்டிகள். அந்தப் பத்து வண்டிக்காகத் தனியாகப் பெட்ரோல் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தனி டாங்கர் வேண்டும், தனி ஓட்டுநர் வேண்டும், தனிக் காவலும் வேண்டும்.

எண்ணெய் லாரிதான் எதிரியின் முதல் குறி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எண்ணெய் கொண்டுபோன லாரிகள் பலமுறை தாக்கப்பட்டன. சிப்பாய்களும் ஓட்டுநர்களும் உயிர் இழந்தார்கள். ஒரு லாரி குறைந்தால் சில உயிர்களுக்கு ஆபத்து குறையும்.

இன்னொரு காரணம் தீ. பெட்ரோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். அந்த ஆவி சின்னப் பொறியிலும் குப்பென்று பற்றும். டீசல் அப்படி எளிதில் பற்றாது.

நேட்டோ என்பது அமெரிக்காவும் பல ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. போர்க்களத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எரிபொருள் போதும் என்று 1980களில் அது முடிவு செய்தது. விமானத்துக்கும் டீசல் எஞ்சினுக்கும் பொருந்தும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் அது.

மோட்டார் சைக்கிளும் அதில் ஓட வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹேய்ஸ் என்ற கம்பெனி அந்த வேலையில் இறங்கியது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் உதவி செய்தது. ஜப்பானின் கவாசாகி வண்டியை எடுத்தார்கள். அதன் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் புதிய டீசல் எஞ்சினை வைத்தார்கள். 2000க்குப் பிறகு அமெரிக்காவின் மரைன் படை அதை ஓட்டியது. மேடு பள்ளம், மணல், சேறு எல்லாவற்றிலும் போகும் வண்டி அது.

குறை இல்லையா?

உண்டு. வண்டி கனமாக இருந்தால் சேற்றில் தூக்கி நிறுத்துவது கஷ்டம். கடுங்குளிரும் டீசலுக்கு ஆகாது. லடாக்கில் குளிர்காலத்தில் சாதாரண டீசல் கூழாக உறைந்துவிடும். அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் தனி டீசலைக் கொண்டுவந்தது. அது சுமார் மைனஸ் 33 டிகிரி குளிர் வரை உறையாது.

பெரிய குறை புகை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. நம் நாட்டில் 1990களில் வண்டிப் புகைக்கு விதிகள் வந்தன. 2000இல் அவை கடுமையாயின. பழைய வகை டீசல் எஞ்சினைக் கொண்டு அந்த விதிகளைத் தாண்டுவது கடினம். டீசல் புல்லட்டின் காலமும் அத்தோடு முடிந்தது.

புனேயில் போசரி நிறுவனத்தைப் போலவே இன்னொரு சோதனை நிலையமும் உண்டு. அது 1966இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம். அங்கே வண்டிகளின் புகையை அளக்கிறார்கள். சோதனையில் தேறாத வண்டி விற்பனைக்கு வர முடியாது. அந்த அளவுகோல் நம் மூச்சைக் காக்கிறது.

தெருவில் ஓட்டும் நமக்கு எடை குறைந்த, புகை குறைந்த வண்டி நல்லது. போர்க்களத்தில் ஓட்டும் சிப்பாய்க்கு எங்கும் ஒரே எண்ணெய் கிடைப்பது நல்லது. எந்த வண்டி நல்லது என்று கேட்டால் போதாது. எந்த வேலைக்கு, யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் டீசலில் ஓடும் எஞ்சின்கள் எவை?
2. வீட்டில் கேனில் பெட்ரோல் வைப்பது ஏன் ஆபத்து?
3. உங்கள் ஊர் வண்டிகளுக்குப் புகைச் சான்று இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.